நடக்குமா, நடக்காதா: ஃபியூரி - ஜோஷ்வா நாட்குறிப்பு

2022 செப்டம்பர் 5, திங்கள்

குத்துச்சண்டையில் டைசன் ஃபியூரி, ஆன்டனி ஜோஷ்வாவைச் சண்டைக்குக் கூப்பிட்டுவிட்டார். இருவரும் பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர்கள். ஆகஸ்ட் 20 அன்று சவூதியின் ஜெட்டாவில் உக்ரைன் வீரர் உசிக்கிடம் இரண்டாம் முறை தோற்றதில் இருந்து ஜோஷ்வாவிடம் ஒரு உலகச் சாம்பியன் பெல்ட்டும் இல்லை. என்னிடம் டபிள்யூபிசி அமைப்பின் பெல்ட் இருக்கிறது, வா என்று ஃபியூரி வீடியோ போட்டிருக்கிறார். டிசம்பருக்கு நான் ரெடி, உங்கள் ஆட்களை என் ஆட்களோடு பேசச் சொல்லுங்கள் என்று ஜோஷ்வாவும் பதில் போட்டாயிற்று. மற்ற பெல்ட்டுகளை வைத்திருக்கும் உசிக் இந்த வருடம் இனி ரிங்கில் ஏறமாட்டார். அதனால் ஃபியூரிக்கும் ஆள் தேவை.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இங்கே வேல்ஸின் கார்டிஃபில் என்னோடு வீட்டில் இருக்கும் மதுரைக்கார அண்ணன் மட்டும் அசையவே இல்லை. "எழுதி வெச்சுக்கோ தம்பி, நடக்காது" என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. போன வருடம் மே 16 அன்று இதே ஃபியூரி, ஆகஸ்ட் 14-ல் சவூதியில் சண்டை உறுதி என்று வீடியோ போட்டார். மறுநாளே அமெரிக்காவில் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்பு வந்தது: பழைய ஒப்பந்தப்படி அமெரிக்க வீரர் வைல்டரோடு மூன்றாவது சண்டை போட்டே ஆகவேண்டும். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. அப்போது நான்கு அமைப்புகளின் உலகச் சாம்பியன் பெல்ட்டும் இவர்கள் இருவரிடம்தான் இருந்தன. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

செப்டம்பர் 7, புதன்

வேலை செய்யும் இடத்தில் ஆளுக்கு ஒரு கட்சி. ஜோஷ்வா பயப்படுகிறார் என்று ஒரு பக்கம். ஃபியூரிதான் பேசிவிட்டு நழுவுகிறவர் என்று இன்னொரு பக்கம். இந்தப் பயம் என்கிற பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை.

2018 டிசம்பர், லாஸ் ஏஞ்சலஸ், 12-வது ரவுண்டு. வைல்டரின் வலது கைக் குத்து விழுகிறது; ஃபியூரி சரியும்போதே இடது கையும் வந்து விழுகிறது. மல்லாந்து கிடக்கிறார், கை இரண்டும் விரிந்தபடி. ரெஃப்ரி மண்டியிட்டு முகத்துக்கு நேராக எண்ணுகிறார். பாதி எண்ணிக்கை வரை உடம்பில் அசைவே இல்லை. ஒன்பதுக்குள் எழுந்து நின்றுவிட்டார். நின்றது மட்டுமா, அதே ரவுண்டில் வைல்டரைப் பின்னுக்கும் தள்ளினார்.

2017 ஏப்ரல், வெம்ப்ளி, 90,000 பேர். ஆறாவது ரவுண்டில் முன்னாள் சாம்பியன் க்ளிட்ச்கோவின் வலது கைக் குத்தில் ஜோஷ்வா விழுகிறார். அடுத்த சில ரவுண்டுகள் ஆளுக்கு மூச்சே இல்லை. பிறகு 11-வதில் கீழிருந்து மேலே ஏறும் அந்த அப்பர்கட் குத்து! க்ளிட்ச்கோவின் தலை அப்படியே பின்னால் மடங்கியது.

இந்த இருவரில் யார் யாருக்குப் பயப்படப் போகிறார்கள்? சண்டை நின்றால் அது ரிங்குக்கு வெளியே இருப்பவர்களால்தான் நிற்கும்.

செப்டம்பர் 10, சனி

எலிசபெத் மகாராணி மறைந்து இரண்டு நாள். கால்பந்து இல்லை. லண்டனில் இன்று இருந்த ஷீல்ட்ஸ் - மார்ஷல் பெண்கள் குத்துச்சண்டையையும் தள்ளி வைத்துவிட்டார்கள். நம் விஷயத்திலும் சத்தம் இல்லை.

செப்டம்பர் 13, செவ்வாய்

ஜோஷ்வாவின் நிர்வாகத்தினர் வாய் திறந்துவிட்டார்கள். ஃபியூரி தரப்பு வைத்த நிபந்தனைகளைப் போன வெள்ளிக்கிழமையே ஏற்றுக்கொண்டோம், தேதி டிசம்பர் 3, துக்கம் காரணமாகத்தான் பேசவில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்கிறார்கள். பணத்தில் பங்கு 60-40, ஃபியூரிக்கு 60. ஒரு காலத்தில் பாதிக்குப் பாதி பேசியவர் ஜோஷ்வா. இப்போது 40-க்கு ஒத்துக்கொள்கிறார் என்றால் சண்டை வேண்டும் என்றுதானே அர்த்தம்?

இடமும் இங்கேதான் என்று பேச்சு. டிசம்பர் குளிரில் பெரிய சண்டை வைக்க, மேலே மூடும் கூரையுள்ள கார்டிஃப் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தை விட்டால் இந்த நாட்டில் வேறு எது? ஜோஷ்வாவுக்கும் புதிய இடமில்லை. 2017-ல் டகாம் என்ற வீரரை முழு ரவுண்டும் போகவிடாமல் ஜெயித்தது இங்கேதான். 2018-ல் பார்க்கர் என்ற வீரரோடு முதல்முறையாக 12 ரவுண்டும் போனதும் இங்கேதான். சாயங்காலம் வேண்டுமென்றே டாஃப் ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். அந்த நான்கு வெள்ளைத் தூண்களும் இன்னும் உயரமாகத் தெரிந்தன.

அண்ணனிடம் சொன்னேன். "மாப்பிள்ளை சரின்னுட்டான், பொண்ணும் சரின்னுட்டா. இனிமேதான்டா சீர் பேசணும், அங்கதான் அடிதடி" என்றார்.

செப்டம்பர் 18, ஞாயிறு

இரண்டு முறை தொடர்ந்து தோற்ற ஜோஷ்வாவோடு ஃபியூரி மோதி என்ன ஆகப்போகிறது, உசிக் வரும்வரை பொறுக்கலாமே என்று ஒரு வாதம். பொறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லூயிஸ் - போவ் கதை இருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் லூயிஸ் போவை இரண்டாவது ரவுண்டிலேயே தோற்கடித்தார். தொழில்முறையில் இருவரும் மோதுவார்கள் என்று உலகமே காத்திருந்தது. 1992 டிசம்பரில் போவ் லூயிஸோடு மோதுவதற்குப் பதில், லண்டனுக்கு வந்து தன் டபிள்யூபிசி பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சண்டை கடைசிவரை நடக்கவில்லை.

மேவெதர் - பாக்கியாவ் சண்டை நடந்தது, ஆனால் 2015-ல். பேச்சு தொடங்கியது 2009-ல். ஒருவருக்கு 38 வயது, இன்னொருவருக்கு 36. பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய வேகம் இல்லை என்று.

ஜோஷ்வாவின் ஜாப் என்கிற இடது கை நேர்க்குத்தும் வலது கைக் குத்தும் ஃபியூரியின் 206 செ.மீ. உயரத்தை எட்டுமா என்பது பெல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கேள்விதான். இருவரும் வேகம் குறையாமல் இருக்கும்போது அதற்கு விடை தெரியவேண்டும்.

செப்டம்பர் 25, ஞாயிறு

ஃபியூரி கெடு வைத்துவிட்டார். நாளைக்குள் கையெழுத்து, இல்லையென்றால் கதை முடிந்தது.

ஒப்பந்தத்தை அனுப்பியாயிற்று என்று இந்தப் பக்கம் ஃபியூரியின் சண்டை ஏற்பாட்டாளர் வாரன். வழக்கறிஞர்கள் படிக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் ஜோஷ்வாவின் ஏற்பாட்டாளர் ஹெர்ன். ஃபியூரி இங்கே பிடி ஸ்போர்ட் டிவியில் வருகிறவர். ஜோஷ்வா ஜூனில்தான் டேஸோன் என்ற இணைய டிவிக்குப் போனார். இரண்டு டிவியும் சேர்ந்து ஒளிபரப்ப வேண்டும், பார்க்கிறவர்கள் கட்டும் பே-பர்-வியூ பணத்தைப் பிரிக்க வேண்டும், தோற்றவருக்கு மறுசண்டை எப்படி என்று எழுத வேண்டும். இவ்வளவையும் ஒரு வார இறுதியில் முடி என்பது நியாயமே இல்லை. எனக்கு ஃபியூரியின் ஆட்டம் உயிர். இந்தக் கெடு விளையாட்டு மட்டும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 26, திங்கள்

மாலை 5 மணி வந்தது, போனது. கையெழுத்து இல்லை. சண்டை இல்லை என்று ஃபியூரி அறிவித்துவிட்டார். இன்னும் பேசுகிறோம் என்கிறது ஹெர்ன் தரப்பு. சாப்பிடப் பிடிக்கவில்லை. அண்ணன் "நான்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோசை ஊற்றி எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 20, வியாழன்

டிசம்பர் 3, ஃபியூரி - சிசோரா, லண்டன் டாட்டன்ஹாம் ஸ்டேடியம். அறிவிப்பு வந்துவிட்டது. கூரை இல்லாத ஸ்டேடியம், டிசம்பர் குளிர், மூன்றாவது முறையாக அதே ஜோடி. 2011-லும் 2014-லும் ஃபியூரி ஜெயித்தாயிற்று. சிசோரா நெஞ்சுரம் உள்ள மனிதர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தச் சண்டையை யாரும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை ஜோஷ்வாவுக்கு 33 முடிந்தது. ஃபியூரிக்கு 34. அடுத்த முறை பேச உட்கார்ந்தால் முதலில் டிவிக்காரர்கள் இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டு, பிறகு வீரர்கள் வீடியோ போடட்டும்.

லண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, டிக்கெட் போடட்டுமா என்று அண்ணன் கேட்டார். "நீங்க போயிட்டு வாங்கண்ணே. ஜோஷ்வான்னா சொல்லுங்க, எவ்வளவுன்னாலும் போடுறேன்" என்றேன்.