மரி அந்துவானெத் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்

பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத்தின் பெயரால் வழங்கும் தங்கப் பைக்கடிகாரம், கடிகாரக் கலைஞர் பிரெகேயின் பட்டறையில் உருவான எண் 160, ஜெருசலேமில் எல்.ஏ. மேயர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. அவ்வளவு தூரம் எங்கே போவது என்று ஆசையைத் தள்ளிப்போட்டபடியே இருந்தேன். 2024 டிசம்பரில் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் நடத்திய வெர்சாய் அரண்மனை பற்றிய கண்காட்சிக்கு அது இரவலாக வந்தது. 2025 ஏப்ரல் 21 வரைதான் இருக்கும் என்றார்கள். லண்டனிலேயே குடியிருந்துகொண்டு இதையும் விட்டால் எப்படி?

டிக்கெட் வாங்குவதில் சிரமம் ஒன்றும் இல்லை. அருங்காட்சியகத்துக்குள் நுழைய இலவசம். இந்தக் கண்காட்சிக்கு மட்டும் பணம் கட்டி, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. வார நாள் காலையாகப் பார்த்துப் போட்டேன். பள்ளி விடுமுறை என்றால் சவுத் கென்சிங்டன் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

நேராக அதைப் பார்க்கப் போகாமல், முதலில் இரண்டாம் மாடியில் உள்ள கடிகாரப் பகுதியில் சுற்றினேன். லண்டன் கடிகாரக் கைவினைஞர் சங்கத்தின் சேகரிப்பு அங்கே எப்போதும் இருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தாமே சோதித்துப் பார்த்த ஜான் ஹாரிசனின் ஐந்தாவது கடல் கடிகாரமும் (கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட உதவுவது) அதில் அடக்கம். சாதாரணக் கடிகாரத்தில் எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது என்று கண் பழகிய பிறகு 160-க்குப் போனால்தான் ஏதாவது புரியும். இல்லாவிட்டால் அது வெறும் மஞ்சள் உலோகக் குவியல்.

கண்காட்சிக்குள் கூட்டமெல்லாம் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி வளர்த்த காண்டாமிருகத்தைச் சுற்றி. வங்காளத்துச் சந்திரநாகூரிலிருந்து போன மிருகம், பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு நல்லதாகப் போயிற்று, கடிகாரத்தின் முன் நெரிசல் இல்லை.

குறுக்களவு 63 மில்லிமீட்டர். டயலே ஸ்படிகம் என்பதால் உள்ளே இருக்கும் சக்கரங்கள் அப்படியே தெரிகின்றன. அழகுதான், ஆனால் படிக்கச் சிரமம். முள் எது, பின்னால் இருக்கும் சக்கரம் எது என்று கண் தடுமாறும். எந்த இடத்தில் என்ன என்று வீட்டிலேயே படித்து வைத்துக்கொண்டு போனது கைகொடுத்தது. 2 மணி இருக்க வேண்டிய இடத்தில் தேதி, 6-இல் கிழமை, 8-இல் மாதம். ஒன்றரைக்கு நேராக வெப்பமானி. 10-இல், சூரியக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் அன்றன்று இருக்கும் வித்தியாசம். நவம்பர் தொடக்கத்தில் அது 16 நிமிடத்தைத் தாண்டும், ஏப்ரல் 15 வாக்கில் கிட்டத்தட்டப் பூச்சியம்.

1783-இல் அரசியின் காவல்படை அதிகாரி ஒருவர் கொடுத்த ஆர்டர் இது என்கிறார்கள். அன்று தெரிந்த நுட்பங்கள் எல்லாம் இருக்க வேண்டும், இயன்ற இடமெல்லாம் தங்கமே போட வேண்டும், செலவுக்கும் காலத்துக்கும் வரம்பில்லை. வரம்பில்லை என்றால் வேலை எப்போது முடியும்? 1793-இல் அரசியின் தலை போயிற்று. 1823-இல் ஆபிரகாம் லூயி பிரெகேயும் இறந்தார். கடிகாரம் முடிந்தது 1827-இல். அரசிக்காகச் செய்தது என்று எல்லோரும் சொல்கிறோம். எனக்கென்னவோ, பிரெகே தமக்குத் தெரிந்த அத்தனையையும் ஒரே கூட்டுக்குள் செய்து பார்க்க அரசி ஒரு சாக்காகக் கிடைத்தாள் என்றுதான் படுகிறது. வாங்க ஆளில்லாமல் போன பிறகும் வேலையை நிறுத்தவில்லையே.

1983 ஏப்ரல் 15 இரவு இது ஜெருசலேமில் திருடு போனது. கூடவே நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள். சூரியக் கடிகாரமும் மற்ற கடிகாரமும் ஒத்துப்போகும் நாள் பார்த்துத் திருடியிருக்கிறான் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். நாமன் டில்லர் என்ற அந்தத் திருடன் 2004-இல் இறந்த பிறகு, 2006-இல் ஒரு வழக்கறிஞர் மூலமாகத்தான் கடிகாரம் திரும்பி வந்தது.

ஒரே ஒரு குறை. மணி, கால் மணி, நிமிடம் என்று அடித்துச் சொல்லும் அமைப்பும் இதில் உண்டு. நடந்தால் தானே சாவி ஏற்றிக்கொள்ள பிளாட்டினத்தில் ஒரு எடையும் உள்ளே ஆடும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்வரை இரண்டுமே நமக்கு இல்லை. பக்கவாட்டில் குனிந்து மணியடிக்கும் சுத்தியலை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன்.