கேட்பரி தனக்கென்று வைத்துக்கொள்ளாத ஊர்

போர்ன்வில் என்றதும் நமக்குக் கடையில் விற்கும் கசப்புச் சாக்லேட்தான் ஞாபகம் வரும். அது இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குத் தெற்கே இருக்கிற ஓர் ஊரின் பெயர். கேட்பரி கம்பெனி கட்டிய ஊர் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஊர் கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது என்று அதைக் கட்டியவரே முடிவு செய்தார், எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

1861இல் அண்ணன் ரிச்சர்ட் கேட்பரியும் தம்பி ஜார்ஜும் அப்பாவின் கோகோ வியாபாரத்தைக் கையில் எடுத்தபோது தொழிற்சாலை நகரத்துக்குள் இருந்தது. 1879இல் அதை வயல்வெளிக்கு, போர்ன் என்ற ஓடையின் கரைக்கு மாற்றினார்கள். அப்போது ஊர் கட்டும் திட்டமெல்லாம் இல்லை, ஃபோர்மேன்களுக்கு மட்டும் சில வீடுகள், மற்றவர்கள் ரயிலில் வந்து போனார்கள். ஜார்ஜ் கேட்பரி குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்தவர். ஞாயிறு காலைகளில் பர்மிங்காமின் ஏழைத் தொழிலாளர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பார், அதைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்தார். அந்த ஆட்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துத்தான், வெளிச்சமும் காற்றும் இல்லாத சந்துக்குள் வாழ்கிறவனிடம் ஒழுக்கம் பேசிப் பயனில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1893இல் தன் சொந்தப் பணத்தில் 120 ஏக்கர் வாங்கினார், 1895இல் வீடுகள் எழும்பத் தொடங்கின. வரைந்தவர் வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி, அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர்.

தோட்ட விஷயத்துக்கு வருகிறேன். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு இருக்கக் கூடாது, மீதியெல்லாம் மண். ஆட்கள் குடிவருவதற்கு முன்பே மண்ணைக் கொத்தி, பாத்தி போட்டு, கொல்லைக் கோடியில் ஆப்பிள், பேரி, பிளம் மரங்களை நட்டுவிடுவார்கள். முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே அந்தப் பழமரங்களே மறைப்பாக நிற்கும், நடுவில் காய்கறி, முன்னால் பூச்செடிகள். பகல் முழுக்கக் கூரைக்கு அடியில் நிற்கிற மனிதன் சாயங்காலம் மண்ணைத் தொட வேண்டும், மதுக்கடைக்குப் போவதை விட அது மேல் என்பது ஜார்ஜின் எண்ணம் (ஊருக்குள் மதுக்கடைக்கே அனுமதி தரவில்லை). அது வெறும் நல்லெண்ணமாக நின்றுவிடவில்லை, ஒரு தோட்டத்திலிருந்து வாரத்துக்கு ஏறத்தாழ 2 ஷில்லிங் பெறுமானமுள்ள விளைச்சல் வந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்றைய கூலிக்காரக் குடும்பத்துக்கு அது நல்ல தொகை.

என்றாலும், மிக ஏழைகளால் அந்த வாடகையைக் கொடுக்க முடியவில்லை, பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்கள்தான் குடிவந்தார்கள். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில் கட்டிய 143 வீடுகளை ஜார்ஜ் 999 வருடக் குத்தகையில் கிட்டத்தட்ட அசல் விலைக்கே கொடுத்தார். சிலர் வாங்கிய கையோடு லாபத்துக்கு விற்றுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு 1900 டிசம்பரில் 330 ஏக்கர், 313 வீடுகள் எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வாடகைப் பணம் கம்பெனிக்கும் போகாது, அவர் குடும்பத்துக்கும் போகாது, ஊரைப் பராமரிக்கவும் மேலும் வீடு கட்டவும்தான் செலவாக வேண்டும். கேட்பரியில் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது, ஆரம்ப ஆண்டுகளில் குடியிருந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அங்கே வேலை பார்த்தார்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். நான் வளர்ந்தது ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டவுன்ஷிப்பில். வீட்டைச் சுற்றி அம்மா வைத்த முருங்கையும் கொய்யாவும் கறிவேப்பிலையும் தழைத்து நின்றன. அப்பா ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால் இப்படித்தான் முடியும், சில இடங்களில் இதைவிட மோசமாகவும் முடிந்திருக்கிறது. சிகாகோ பக்கத்தில் ரயில் பெட்டி செய்த புல்மன் என்ற முதலாளி 1880இல் கட்டத் தொடங்கிய ஊரும் அழகான ஊர்தான். 1893இல் தொழில் படுத்தபோது கூலியைக் குறைத்தார், வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் வேலைநிறுத்தம், ராணுவம், உயிர்ச்சேதம். கடைசியில் ஊரைக் கம்பெனி விற்றுவிட வேண்டும் என்று 1898இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் போர்ன்வில்லைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை: அந்த நாட்களில் கேட்பரி வாங்கிய கோகோவில் ஒரு பெரிய பங்கு, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்ச்சுகல் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. போர்ச்சுகீசியர்கள் அங்கோலாவிலிருந்து ஆட்களை ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அங்கே கொண்டுபோனார்கள், உண்மையில் அது அடிமை முறைதான், போனவர்கள் திரும்புவது இல்லை. 1901லேயே கம்பெனிக்கு இது காதுக்கு எட்டிவிட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், அரசாங்கத்திடம் பேசினார்கள், ஆனால் கொள்முதலை நிறுத்தியது 1909இல். ஸ்டாண்டர்ட் பத்திரிகை இதைக் கண்டித்து எழுதியபோது கேட்பரி அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தது, நஷ்ட ஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. பர்மிங்காமில் தொழிலாளிக்குப் பழமரம் நட்டுக்கொடுத்த அதே வருடங்களில்தான் இதுவும் நடந்தது. ஜார்ஜ் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு இதனால் போய்விடவில்லை, ஆனால் அந்த எட்டு வருடத்தை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

2010இல் கிராஃப்ட் நிறுவனம் கேட்பரியை வாங்கியது. தொழிற்சாலை கைமாறியது, வீடுகள் கைமாறவில்லை. அந்த அறக்கட்டளை இன்று ஏறத்தாழ 8,000 வீடுகளைப் பார்த்துக்கொள்கிறது, 1900இல் எழுதிக்கொடுத்த பத்திரம் இருந்ததால் சாக்லேட் கம்பெனியை யார் வாங்கினாலும் அங்கே குடியிருப்பவர்களின் வாசலுக்கு யாரும் வர முடியவில்லை.