புஷ் இருக்கு, ரப்பர் இல்ல

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆறு இருக்கு, தண்ணி இல்ல. கோட்டை இருக்கு, ராஜா இல்ல. கோயில் இருக்கு, சாமி இல்ல. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்ப வந்ததும் மூன்றாவதை அடித்துவிட்டார்கள். காலியான அந்த இடத்துக்கு சத்துவாச்சாரி மாமா ஒருவரின் பன்னிரண்டு வருஷத்துச் சின்ன கார் மனு போட்டது: புஷ் இருக்கு, ரப்பர் இல்ல. புஷ் என்றால், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்வை வாங்கிக்கொள்கிற, ரப்பர் வைத்த குழாய்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு மருமகனை அழைக்கப் போன அன்று ஆரம்பித்தது. பாலாற்றுப் பாலத்தில் முன்பக்கம் ‘டக், டக்’. மருமகன் மரியாதைக்கு முதல் கிலோமீட்டர் சும்மா இருந்தார். இரண்டாவதில் முடியவில்லை.

“மாமா, கீழ எதுனா கழண்டுகினு கீதா, பாத்தீங்களா?”

“அது டிக்கியில ஜாக்கி ஆடுது மாப்ள.”

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கியைப் பழைய லுங்கியில் சுற்றிக் கட்டினார் மாமா. சத்தம் போகவில்லை. ஸ்டெப்னியை இறக்கினார், டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் இறக்கினார். அப்போதும் ‘டக்’. தெருவே கூடி “ஷாக் அப்சார்பர்தான்” என்று தீர்ப்புச் சொல்ல, முன்னால் இரண்டும் புதுசு போட்டார். பழையதில் எண்ணெய்க் கசிவும் இல்லை, பானட்டை அழுத்தி விட்டால் வண்டி துள்ளவும் இல்லை. அதாவது மாற்றவே தேவையில்லாத ஜோடி. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை, அது எப்போது வருகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ‘டக் டக் டக்’ என்று அவசரமாக வந்தால், முதலில், இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் டி-புஷ்ஷையும், அதன் நுனியில் இருக்கும் லிங்க் ராடையும் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் அந்தக் கம்பி முறுக்காது. அதனால் அங்கே அது ஏறக்குறைய வாயை மூடிக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்றால், ஷாக் அப்சார்பர் மேலே வண்டியோடு சேரும் ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங். பிரேக் மிதிக்கும்போதோ, ரிவர்ஸ் எடுத்து முன்கியரில் கிளம்பும்போதோ ஒரே ஒரு ‘டொக்’ வந்தால், சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் புஷ், பல வண்டிகளில் அந்த ஆர்மின் பின்பக்கத்துப் பெரிய புஷ். கூடவே பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். மாமாவின் டயர் உள்பக்கம் வழுக்கை. அவர் தலைக்குப் போட்டியாக இருந்ததால் கவனிக்கவில்லை போல.

பார்க்கிற விதம் இது: பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்னால் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலை நீட்டக் கூடாது. ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நீள லிவர் கொடுத்து மெதுவாக நெம்பினால், நல்ல புஷ் கொஞ்சம் வளைந்து தானே திரும்பும். கெட்டது ‘டக்’ என்று இரும்பில் இரும்பு இடிக்கும். மேலோட்டமாக மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருந்தால் உடனே மாற்ற வேண்டாம். வேலூர் வெயிலில் எந்த ரப்பருக்கும் அது வரும். வெடிப்பு ஆழமாகக் கிழிந்திருந்தாலோ, இரும்பை விட்டு ரப்பர் பிரிந்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். சில வண்டிகளின் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அது ஒழுகிக் கறை தெரிந்தாலும் அதே கதைதான்.

மாமா கார் புஷ்ஷின் ரப்பர் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உப்பிக் கிடந்தது. காரணம் மாதாமாதம் பக்தியோடு நடந்த வாட்டர் சர்வீஸ். கழுவி முடித்ததும் “துரு புடிக்காது சார்” என்று அடியில் டீசலையோ பழைய ஆயிலையோ பீய்ச்சி விடுகிற வழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. இரும்புக்கு நல்லதோ என்னவோ, ரப்பருக்கு விஷம். உப்பி, மெத்தென்று ஆகி, விட்டுப்போகும். கிரீஸ் தடவுவதும் அதே தப்பு. இந்த புஷ் பேரிங் மாதிரி சுழலுவதில்லை. உள்குழாய், வெளிக்குழாய் இரண்டோடும் ஒட்டிய ரப்பர் முறுக்கி முறுக்கித் திரும்புகிறது, அவ்வளவுதான். உராய்வே இல்லாத இடத்தில் கிரீஸுக்கு என்ன வேலை? பாலியூரித்தேன் புஷ் மட்டும் வேறு ஜாதி. அதற்கு சிலிக்கோன் கிரீஸ் வேண்டும், இல்லாவிட்டால் கீச்சிடும்.

ஆக, இரண்டு பக்கமும் புது ஆர்ம் புஷ் வாங்கியாயிற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது. பிரெஸ்ஸில் வைத்து, வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழுகிற மாதிரி ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் குழாய் கோணும். ரப்பரின் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருந்தால் அது எந்தத் திசை பார்த்தது என்று பழையதைக் கழற்றும் முன்பே ஆர்மில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். டி-புஷ் வழுக்கிப் போக சோப்புத் தண்ணீர் போதும். ஆர்ம் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட்டும் ஆடுகிறது என்றால் தனித்தனியாக மெனக்கெடாமல் முழு ஆர்மாகவே வாங்கிவிடலாம்.

மாட்டினார்கள். நாலு மாசம் நிசப்தம். அப்புறம் மறுபடியும் ‘டொக்’.

“டூப்ளிகேட் புஷ் குட்துட்டாம்பா!” என்று மாமா கொதித்தார். புஷ் அசல்தான். மாட்டியவர் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கியிருந்தார். போல்ட் இறுகியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கினால் ஆர்ம் மேலே ஏறும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கோட்டை எதிரில் சும்மா பார்க் செய்திருக்கும்போதும் அது முறுக்கிக்கொண்டேதான் நிற்கும். பிழிந்த துணியைப் பிழிந்தபடியே கொடியில் போட்ட மாதிரி. அதோடு பள்ளமும் சேர்ந்தால் எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாம் தடவை வேறு கை, வேறு முறை. வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வளைவு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்கள். புஷ் போட்டதும் போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டார்கள். பிறகு, ஆள் இறங்கி அடியில் வேலை பார்க்கிற ஷெட் பள்ளத்தின் மேல் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் பாரம் விழ, வண்டியை இரண்டு தடவை அழுத்தி அமர்த்தி, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். பள்ளமோ ரேம்போ இல்லாத ஷெட்டில்தான் அந்த டேப் அளவு உதவும்: வண்டி ஸ்டாண்டில் இருக்க, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி இறுக்கலாம். லாக் நட் புதுசு. கையோடு வீல் அலைன்மென்ட். அதைத் தள்ளிப்போட்டால் புது டயரும் வழுக்கையாகிவிடும். அடியில் டீசல் அடிப்பதை மாமா நிறுத்திவிட்டார். இனி 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை லிவர் போட்டுப் பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த முறை மருமகன் வந்தபோது பாலத்தில் சத்தமே இல்லை. பாலம் தாண்டுவதற்குள் மாமா நெஞ்சை நிமிர்த்தி மூன்று தடவை, “கேக்குதா மாப்ள?” என்று கேட்டார். நாலாவது தடவை பின்னாலிருந்து ‘கட கட கட’.

“மாமா...”

இந்தத் தடவை ஜாக்கியேதான். லுங்கியை அத்தை துவைக்கப் போட்டிருந்தாள்.