தீம் ஹவுஸில் சேர்வதற்கு முன்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கையோடு விடுதி விண்ணப்பமும் வந்துவிடும். பெரும்பாலானவர்கள் அறைக் கட்டணத்தைப் பார்த்து டிக் அடித்துவிட்டு விசா வேலையில் இறங்கிவிடுவார்கள். அதே படிவத்தில் ‘தீம் ஹவுஸ்’ அல்லது ‘லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி’ என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அவசரப்படாமல் படியுங்கள்.

ஒரே பாடத்திலோ மொழியிலோ கலையிலோ ஈடுபாடு உள்ளவர்கள் ஒரு வீட்டில் அல்லது ஒரு தளத்தில் சேர்ந்து தங்கும் ஏற்பாடு இது. யோசனை பழையதுதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மெய்க்கில்ஜான் என்ற கல்வியாளர் 1927-இல் தொடங்கிய பரிசோதனைக் கல்லூரியில் மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கி, அங்கேயே ஆசிரியர்களோடு உட்கார்ந்து படித்தார்கள். 1932-இல் அதை மூடிவிட்டார்கள், ஆனால் யோசனை மட்டும் பல வளாகங்களுக்குப் பரவிவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டால் கலைக்கு ரிஸ்லி என்ற விடுதி, இசைக்கு ஒரு வீடு, சூழலியலுக்கு ஒரு வீடு, மொழிகளுக்கு ஒன்று. 1991-இல் திறந்த அக்வேகோன் என்ற வீடு அமெரிக்கப் பழங்குடியினரின் பண்பாட்டுக்கானது. பெயரைப் பார்த்து ‘நமக்கு இடமில்லை’ என்று ஒதுங்க வேண்டாம், அங்கே எந்தப் பின்னணியில் வந்த மாணவரும் விண்ணப்பிக்கலாம்.

என்னைக் கேட்டால் தீம் என்ன என்பது இரண்டாம் பட்சம். வாராவாரம் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சில இடங்களில் அதோடு சேர்ந்த ஒரு பாடத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். சில இடங்களில் கூட்டங்களுக்கு வருகைப் பதிவு உண்டு. எம்ஐடியின் பிரெஞ்சு வீட்டில் மாணவர்களே முறைவைத்து இரவுச் சமையல் செய்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் பேச்சு பிரெஞ்சில். மொழி வசப்பட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வெங்காயம் நறுக்கப் பிடிக்காதவர் அங்கே போய் என்ன செய்வார்?

நான் இருந்தது பொறியியல் மாணவர்களின் தளம். பொது அறையில் ஒரு வெள்ளைப் பலகை. யாராவது ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் பார்த்தால் மூன்றாவது வரியைச் சுற்றி சிவப்பு வட்டம், பக்கத்தில் ‘மைனஸ் எங்கே?’ என்று யாரோ எழுதியிருப்பார்கள். பேராசிரியரின் அறைக்குப் போய் சந்தேகம் கேட்கக் கூச்சப்படுகிற ஆளுக்கு அந்தப் பலகை பெரிய உதவி. அப்புறம் இதன் மறுபக்கம்: வகுப்பிலும் அதே முகங்கள், சாப்பாட்டிலும் அதே முகங்கள். மிட்டெர்ம் என்கிற இடைப்பருவத் தேர்வு வந்தால் ஒருவருடைய பதற்றம் தளம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். அந்த வாரங்களில் நான் நூலகத்துக்கு ஓடிவிடுவேன்.

விண்ணப்பத்தில் ‘ஏன் இங்கே தங்க விரும்புகிறீர்கள்?’ என்று கேட்பார்கள். ‘பல கலாச்சாரங்களை அறிய ஆசை’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ‘வாரம் ஒரு மாலை பைத்தான் நிரலாக்கம் சொல்லித் தருவேன்’ என்பது போல, நீங்கள் நிஜமாகவே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். அமைதி முக்கியம் என்றால் மது, புகை இல்லாத தளத்தைக் கேளுங்கள். சட்டப்படி மது அருந்தக்கூடிய 21 வயதைத் தாண்டியவர்களுக்கும் அங்கே மது கிடையாது.

சேர்வதற்கு முன் அந்தத் தளத்தின் ஆர்ஏ-வுக்கு (ரெசிடென்ட் அசிஸ்டென்ட், தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்) ஒரு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: தனியாக ஏதாவது கட்டணம் உண்டா, பிடிக்கவில்லை என்றால் பாதியில் வேறு விடுதிக்கு மாற முடியுமா, டிசம்பர் விடுமுறையில் கட்டடம் திறந்திருக்குமா. பல விடுதிகளைக் குளிர்கால விடுமுறையில் பூட்டிவிடுவார்கள். ஊருக்குத் திரும்பாதவர்கள் அந்த நாட்களுக்கு வேறு இடத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.