விடையைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது

ஒரு கண்டுபிடிப்பு புதியதா என்று பழைய ஆவணங்களில் தேடிப் பார்க்கும் காப்புரிமைத் தேடல் வேலைக்கு வந்த புதிதில் எங்களைப் படிக்கச் சொன்ன முதல் தீர்ப்பு மிர்சாபூர் பாத்திர வழக்கு. பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு வாங்கிய காப்புரிமை அது. பழைய முறையில் சுழலும் பாத்திரம் கழன்று பறந்து ஆட்களைக் காயப்படுத்தும் என்பது வாங்கியவர்கள் வாதம். பட்டறையில் யாரும் செய்யக்கூடிய திருத்தத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சில வருடம் கழித்து கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரர் வந்தார். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் மணல் புகுந்து புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் உருளை) தேய்வதைத் தடுக்க, சாய்வான பள்ளம் வெட்டிய ஒரு வளையம் செய்திருந்தார். சுழலும்போது பள்ளமே மணலை வெளியே தள்ளிவிடும். இரண்டே நாளில் இரண்டு ஆவணங்கள் பிடித்தேன். முதலாவதில் (டி1) டிராக்டர் அச்சில் அதே மாதிரி பள்ளம். இரண்டாவதில் (டி2) ஒரு பம்பில் பள்ளமில்லாத வளையம். டி1, டி2 இரண்டையும் சேர்த்தால் இதுதான், துறை தெரிந்தவருக்கு இது வெளிப்படை, அதனால் காப்புரிமை கிடைக்காது என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: “அவ்வளவு லேசுன்னா இத்தன வருசமா ஏனுங்க யாரும் செய்யல?”

அப்புறம் பையிலிருந்து நான்கு வளையங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கும் அவர் செய்து பார்த்துத் தோற்றவை.

அன்று இரவு என் தேடல் பதிவைத் திறந்தேன். முதல் வரியிலேயே ‘சாய்வுப் பள்ளம்’ என்று தட்டியிருந்தேன். அந்தச் சொல் அவருடைய வரைபடத்திலிருந்து வந்தது. மணல், புஷ், தேய்மானம் என்று மட்டும் தேடிப் பார்த்தேன்; டிராக்டர் அச்சு வரவே இல்லை. அவர் கொடுத்த விடையை வைத்துத் தேடிவிட்டு, அது வெளிப்படை என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

வெளிப்படையானதற்குக் காப்புரிமை இல்லை என்ற அளவுகோலைத் தளர்த்தச் சொல்லவில்லை. கார் பெடல் வழக்கில் 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துறை தெரிந்தவர் இயந்திரம் அல்ல, அவருக்கும் சாதாரணப் படைப்புத்திறன் உண்டு என்றது. அது நியாயம்; நகர்த்தக்கூடிய பெடலும் மின்னணு உணரியும் ஏற்கெனவே இருந்தவை, அவற்றைச் சேர்த்ததற்காக மற்றவர்களைத் தடுக்கக்கூடாது. ஆனால் விடை தெரிந்தபின் பின்னோக்கிப் பார்ப்பதால் வரும் பிழையைப் பற்றியும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், வெளிப்படையா என்று கேட்கும் முன் சிக்கலை வரையறுக்கிறது. ஒருவர் செய்திருக்க முடியுமா என்பதோடு நிற்காமல் செய்திருப்பாரா என்றும் கேட்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் கேட்பவர் விடையை ஏற்கெனவே படித்துவிட்டார். நம் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆய்வு செய்பவரும் முழு விண்ணப்பத்தையும் படித்துவிட்டுத்தான் தேடுகிறார்.

சிக்கலை மட்டும் தெரிந்த ஒருவர் முதல் தேடலைச் செய்து, கிடைத்ததைப் பதிவு செய்யட்டும். விண்ணப்பத்தைப் பார்த்த பிறகு செய்யும் தேடல் தனியாக இருக்கட்டும். இரண்டும் கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எந்த ஆவணம் எப்போது கண்ணில் பட்டது என்பது தெரியும். கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். இதைச் சட்டத் திருத்தம் இல்லாமலே தொடங்கலாம் என்று நம்புகிறேன்.

கோவைக்காரருக்கு அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன், விண்ணப்பித்தார். காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கையில் அதே டி1, டி2 வந்தன. பதிலோடு அந்த நான்கு வளையங்களின் படங்களையும், எது எங்கே தோற்றது என்ற அவருடைய குறிப்புகளையும் சேர்த்தோம். சென்னை கிண்டியில் உள்ள அந்த அலுவலகத்திலிருந்து விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.