58 எஃப்/3: ஒரு பழைய வரைபடத் தாளுக்காக மூன்று பயணங்கள்

வால்பாறையை அடுத்த அக்காமலை கிராஸ் ஹில்ஸ் புல்மேட்டு ஓடைகளின் பழைய பெயர்களைத் தேடப்போய், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் இந்திய நில அளவைத் துறை முன்பு அச்சிட்ட தாளைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் பிறந்தது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் அமெரிக்க இராணுவத்தின் யு502 வரைபட வரிசை 1:2,50,000 அளவிலானது. அதில் அந்த மேடு முழுவதும் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்துவிடும்.

பழைய தாள்களைப் பாதுகாக்கும் ஓர் அலுவலகத்துக்கு நேரில் சென்று விண்ணப்பம் கொடுத்தேன். அதில் 'வால்பாறைப் பகுதி' என்று எழுதியதுதான் நான் செய்த பிழை. பத்து நாள் கழித்து இரவுப் பேருந்தில் போய் இறங்கினால், மேசைமேல் 58 பி/15 என்ற எண்ணுள்ள தாள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. வால்பாறை ஊர் அதில்தான் இருக்கிறது. ஆனால் அத்தாள் கிழக்கே 77 பாகைத் தீர்க்கக்கோட்டோடு முடிந்துவிடுகிறது, நான் தேடிய மேடோ கோட்டுக்கு அந்தப் பக்கம், 58 எஃப்/3 தாளில். "வால்பாறைன்னுதானே சார் எழுதியிருக்கீங்க? வேற தாள்னா வேற விண்ணப்பம்" என்றார் எழுத்தர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் அவர் முதுகுக்குப் பின்னால், எட்டினால் எடுக்கும் தூரத்தில், 58 எஃப் கட்டு இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே ஊர்ப் பெயரை நம்பாமல் தாள் எண்ணைக் கேளுங்கள். 58 பி போன்ற ஒவ்வொரு கட்டமும் நான்குக்கு நான்காகப் பதினாறு தாள்களாகப் பிரிகிறது. எண்கள் பத்தி பத்தியாக மேலிருந்து கீழாக இறங்குவதால் 15-க்குக் கிழக்கே 16 வராது. அடுத்த கட்டமான 58 எஃப்-இன் 3-தான் வரும். தாளின் ஓரத்தில் அண்டைத் தாள்களின் எண்கள் அச்சாகியிருக்கும். தொலைபேசியில் '58 பி' என்பவர்கள், அது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா பதினாறாம் எழுத்தா என்பதையும் சொல்லிவிடுவது நல்லது; பின்னதைக் கேட்டால் மன்னார் வளைகுடாவில் போய் நிற்பீர்கள்.

மூன்றாம் பயணத்தில் தாளும் நகலும் கிடைத்தன. வீட்டில் அதைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தியபோது ஓடைகள் எல்லாம் சரிவில் ஏறி நின்றன. நகல் கோணலாகிவிட்டது என்று இரண்டு மாலைகளை வீணாக்கிய பிறகுதான், பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு மாதிரியை) அடிப்படையாகக் கொண்டவை, இன்றைய ஆயங்களோடு (அட்ச, தீர்க்க எண்களோடு) இப்பகுதியில் ஏறத்தாழ 200 மீட்டர் விலகும் என்பது உறைத்தது. திருத்தியதும் கோடுகள் பள்ளங்களில் அடங்கின.

நான் தேடிய ஓடையின் பெயர் சரியாக மடிப்பின் மேலேயே விழுந்திருக்கிறது. துணியொட்டிய தாள் அங்கே நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பதால், உருப்பெருக்கியில் பார்த்தும் கடைசியில் இருக்கும் 'ஆறு' மட்டுமே படிக்கக் கிடைத்தது.