ரசமட்டமே பொய் சொன்னால்

பிளஸ் டூ பிராக்டிகலில் பிள்ளைகள் பயப்படுவது ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத்தான், முப்பட்டகத்தில் ஒளி எவ்வளவு திசைமாறுகிறது என்று டெலஸ்கோப் வழியாக அளக்கும் கருவி. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, முப்பட்டகத்தின் கோணம் A 60 டிகிரி, ஒளி திசைமாறும் மிகக் குறைந்த கோணம் D 38 டிகிரி வந்தால் ஒளிவிலகல் எண் 1.51. சீனியர் நோட்டைப் பார்த்து வீட்டிலிருந்தே எழுதி வரும் மகராசன்களும் உண்டு. உயிரை வாங்குவது அதற்கு முன்னால், முப்பட்டகம் வைக்கும் மேடைக்கு மட்டம் பார்ப்பது.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன டிசம்பரில் ஒரு மாணவி, "சார், ஒரு பக்கம் கோடு நடுவுல இருக்கு, அந்தப் பக்கம் போனா கீழ எறங்கிப் போகுது" என்றாள். முப்பட்டகத்தின் இரண்டு முகத்திலும் பட்டு வரும் ஒளிக்கோட்டின் பிம்பம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், நிற்கவில்லையென்றால் மேடை சாய்ந்திருக்கிறது. ஆனால் அவள் முறையாகத்தான் செய்திருந்தாள். குமிழி வைத்து மட்டம் காட்டும் ரசமட்டத்தை (ஸ்பிரிட் லெவல்) மேடையின் மூன்று திருகுகளில் இரண்டுக்கு இணையாக வைத்து, இரண்டையும் எதிரெதிராகத் திருகி, குமிழி நடுவுக்கு வந்ததும் குறுக்கே வைத்து மூன்றாவதை மட்டும் திருகியிருக்கிறாள். குமிழி நட்டநடுவில். "மேசையை இடிச்சிருப்பே" என்று திட்டி, மூன்று தடவை திரும்பச் செய்ய வைத்தேன். அதேதான்.

அந்த ஞாயிறு கண்டனூரில் அப்பத்தா வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் மாற்றும் வேலை. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் தலைமாற்றி வைத்து இன்னொரு தரம் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். "கீழ விழுந்து கோணியிருந்தா அதுவே பொய் சொல்லும்ல தம்பி. திருப்பி வச்சாத் தெரிஞ்சுரும்." முற்றத்துக்கு மட்டமே பார்க்கக் கூடாது, மழைத்தண்ணி ஓட வாட்டம்தான் பார்க்கணும் என்று ஒரு பாடமும் சேர்த்து எடுத்தார், அது வேறு கதை.

திங்கட்கிழமை போய் முதல் வேலையாகத் திருப்பி வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடிவிட்டது! டெலஸ்கோப்பை நான் ஆண்டுத் தொடக்கத்தில் வேறொரு ரசமட்டம் வைத்துச் சரிசெய்திருந்தேன், அவள் மேடைக்கு வைத்தது இந்தக் கோணல் மட்டம், அப்புறம் இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

கோணல் மட்டத்தை வைத்தும் சமாளிக்கலாம். திருப்பும்போது குமிழி நகர்வது பிழையைப் போல இரண்டு மடங்கு. அதனால் நகர்ந்ததில் பாதியை மட்டும் திருகால் திரும்பக் கொண்டுவர வேண்டும், திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் குமிழி ரசமட்டத்தின் அதே முனைப் பக்கம் அதே அளவு ஒதுங்கி நின்றால் மேடை மட்டம். அதற்குமேல் என் தீர்ப்பு, குமிழியை நம்பாதே, கோட்டை நம்பு. ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு வேண்டியது மேடை பூமிக்குக் கிடைமட்டமாக இருப்பதல்ல, டெலஸ்கோப் சுற்றும் அச்சுக்குச் செங்குத்தாக இருப்பது. இரண்டு முகத்துப் பிம்பமும் ஒரே உயரத்தில் வரும்வரை திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் தப்பு என்மேல்தான் என்றேன். "பரவால்ல சார், அப்ப ரெக்கார்டு நோட்டு அடுத்த வாரம் வைக்கலாமா?" என்றாள்.